பூர்வகுடி என்றால் பாதித் தண்டனையாம்! யார் சொன்னது?

நெடுந்தீவான்:
நேற்று இன்னொரு திரியில் மேப்பிள்மாறன் எழுதியது இது: "கனடாவில் பூர்வகுடி என்று சொன்னால் போதும், கிளாடு தீர்ப்பைக் காட்டித் தண்டனையைப் பாதியாக்கிவிடுவார்கள். அதை வாங்கிக்கொடுக்கவே கோட்டு வாசலில் அரசாங்கக் காசில் ஆள் வைத்திருக்கிறார்கள்." வாசித்ததும் பத்திக்கொண்டு வந்தது. தம்பி, கிளாடு யார் என்றாவது தெரியுமா? 1995இல் நனைமோவில் தன் பத்தொன்பதாவது பிறந்தநாள் இரவில் துணைவனைக் குத்திக் கொன்ற பூர்வகுடிப் பெண். மூன்று வருடச் சிறை. 1999 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தண்டனை தீர்க்கும்போது பூர்வகுடிகளின் சூழ்நிலையைக் கவனி என்று நீதிபதிகளுக்குச் சொல்லிவிட்டு, அவளுடைய மேன்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. அதுதான் கிளாடு தீர்ப்பு. இப்போது சொல்லும், அவளுக்கு ஒரு நாளாவது குறைந்ததா?

மேப்பிள்மாறன்:
அண்ணை, வாசிக்க எங்களுக்கும் தெரியும். மூன்று வருடம் என்பது தீர்ப்பில். உள்ளே இருந்தது ஆறு மாதம். அதற்குள் பகல் பரோல். ஓர் உயிர் போனதற்கு ஆறு மாதம்! இதற்குப் பெயர் தள்ளுபடி இல்லையென்றால் வேறென்ன, தீபாவளிக் கழிவா?

நெடுந்தீவான்:
பரோல் வேறு, தண்டனை வேறு. அப்பா வீட்டில் இரு, குடிக்கு ஆலோசனை எடு, மின்னணுக் கண்காணிப்பில் இரு என்று சொல்லித்தான் விட்டார்கள். நீதிபதி குறைத்தாரா என்பதுதான் கேள்வி. ஒரு நாள் குறைந்ததா? ஆமா, இல்லை, இரண்டில் ஒன்று.

வாசுகி_மிசிசாகா:
இரண்டு பேரும் எதைப் பற்றிச் சண்டை பிடிக்கிறீர்கள்? கோட்டில் பூர்வகுடிகளுக்கு வழிகாட்ட நிற்கும் கோர்ட்வேர்க்கர் வேறு, ஆளின் பின்னணியை நீதிபதிக்குச் சொல்லும் கிளாடு அறிக்கை எழுதுபவர் வேறு, சட்டத்தரணி வேறு. நான் தமிழ் மொழிபெயர்ப்பாளராகக் கோட்டுகளில் நின்றவள், நேரில் பார்த்திருக்கிறேன். கோர்ட்வேர்க்கர் அன்றைய பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு நடையில் ஆள் ஆளாகத் தேடுவார். ஒரு தடவை கனடாவின் வடக்கேயிருந்து வந்த ஒரு பூர்வகுடிப் பெடியன். பிணை நிபந்தனை, குறிப்பிட்ட முகவரியில் தங்க வேண்டும். அவனுக்கு முகவரியே கிடையாது. அந்த அம்மா சுவரோடு சாய்ந்து நின்று தங்குமிடங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசி எடுத்து, கடைசியில் ஒரு கட்டில் பிடித்து, முகவரியைக் கொண்டுபோய் டியூட்டி கவுன்சிலிடம், அதுதான் கோட்டில் இலவசமாக உதவும் சட்டத்தரணியிடம், கொடுத்தார். அடுத்த தவணைத் தேதியை ஓர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி அவன் சட்டைப்பைக்குள் வைத்தார், கூடவே பஸ் டோக்கன். தவணைக்கு வராவிட்டால் அதுவே புதுக் குற்றம். மாறன், இதில் எங்கே பாதித் தண்டனை?

மேப்பிள்மாறன்:
அக்கா, மனம் உருகிவிட்டது. ஆனால் நான் கேட்டது தண்டனையைப் பற்றி.

நெடுந்தீவான்:
நானும் அதைத்தான் கேட்கிறேன். ஒரு நாள்?

கொக்குவிலான்:
பஸ் டோக்கனாம். 2010இல் சன் சீ கப்பலில் வந்த எங்கள் சனம் 492 பேரைப் பிடித்து அடைத்து வைத்தார்களே, அன்று எந்தக் கோர்ட்வேர்க்கர் கட்டில் பிடித்துக் கொடுத்தார்? இன்றைக்கும் பிஆரோடு, அதாவது நிரந்தர வதிவிட உரிமையோடு, இருக்கும் எங்கள் பெடியனுக்கு ஆறு மாதம் தீர்த்தால் முறையிடக்கூட வழியில்லாமல் நாடு கடத்துகிறார்கள். அவர்களுக்கு மட்டும் அப்பா வீடு, ஆலோசனை.

நெடுந்தீவான்:
வந்துவிட்டார் அடுத்த சட்ட மேதை. 2013 பாம் வழக்கை வாசித்தீரா? வியட்நாமிலிருந்து வந்தவர், இரண்டு வருடத் தண்டனை. அப்போது எல்லை இரண்டு வருடம். அதைத் தொட்டால் நாடுகடத்தலுக்கு எதிராக முறையிடும் உரிமை போய்விடும் என்று, உச்ச நீதிமன்றமே அதில் ஒரு நாளைக் கழித்துவிட்டது. ஆக, ஒரு நாள் குறைந்தது குடிவரவாளர் ஒருவருக்கு! கிளாடுவுக்கு? பூச்சியம்.

கொக்குவிலான்:
போன வருடம் கோயில் தேர் பார்க்கிங் பற்றிய திரியிலும் இவர் இப்படித்தான் நகரசபைச் சட்டம் பேசினார். கடைசியில் டிக்கெட் விழுந்தது யாருக்கு என்று ஊருக்கே தெரியும்.

நெடுந்தீவான்:
அந்த டிக்கெட் ரத்தானது. தெரியாமல் கதைக்காதேயும்.

மேப்பிள்மாறன்:
ரத்தா? தள்ளுபடி உங்களுக்கும் கிடைக்கிறது போல. சரி, விஷயத்துக்கு வாருங்கள். 2012, இப்பீலி வழக்கு. இனுயிட் ஆள், வடதுருவப் பக்கத்துப் பூர்வகுடி. கீழ் நீதிமன்றம் மூன்று வருடம், உச்ச நீதிமன்றம் ஒரு வருடமாக்கியது. மூன்றில் ஒன்று! பாதி என்று நான் குறைத்துச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள்.

நெடுந்தீவான்:
கிளாடுவைப் பற்றிக் கேட்டால் இப்பீலிக்கு ஓடுகிறீர். அந்த மூன்று வருடம் எதற்கு? குடிக்கக் கூடாது என்ற நீண்டகாலக் கண்காணிப்பு உத்தரவை மீறி, கிங்ஸ்டனில் வெறியில் சைக்கிள் ஓடியதற்கு.

மேப்பிள்மாறன்:
அந்தக் கண்காணிப்பில் அவரை ஏன் போட்டார்கள் என்பதையும் எழுதுங்களேன். முந்தைய வன்முறைக் குற்றங்களைச் சைக்கிளுக்குப் பின்னால் கட்டி மறைக்கிறீர்கள்.

நெடுந்தீவான்:
மறைக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் அவர் தனியாக உள்ளே இருந்தவர். தவிர 1996இல் வந்த, கிளாடு தீர்ப்புக்கு அடிப்படையான, குற்றவியல் சட்டத்தின் 718.2 பிரிவு எல்லாக் குற்றவாளிகளுக்கும் பொது. சிறையைத் தவிர நியாயமான வேறு வழி உண்டா என்று முதலில் பார், பூர்வகுடிகள் விஷயத்தில் அவர்களுடைய சூழ்நிலையைக் குறிப்பாகக் கவனி, அவ்வளவுதான். கிளாடு பட்டணத்தில் இருந்தவள், ரிசர்வில், அதாவது பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலத்தில், இல்லை, அதனால் இது பொருந்தாது என்று கீழ் நீதிபதி நினைத்தது பிழை என்றார்கள். பிழை என்றும் சொல்லிவிட்டு மூன்று வருடத்தை அப்படியே விட்டார்கள். நாலாம் தடவை கேட்கிறேன், ஒரு நாள் குறைந்ததா?

மேப்பிள்மாறன்:
இப்பீலிக்கு இரண்டு வருடம் குறைந்தது. 730 நாள். எண்ணிக்கொள்ளுங்கள்.

வாசுகி_மிசிசாகா:
பாதித் தண்டனை உண்மையென்றால் சிறை காலியாகியிருக்க வேண்டுமே மாறன்? 1997இல் பூர்வகுடிகள் சனத்தொகையில் நூற்றுக்கு மூன்று பேர், மத்திய அரசின் சிறைகளில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்று கிளாடு தீர்ப்பிலேயே இருக்கிறது. இப்போது சனத்தொகையில் ஐந்து, சிறையில் முப்பதைத் தாண்டிவிட்டது. மத்திய சிறையிலுள்ள பெண்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர். கோர்ட்வேர்க்கர் வேலை 1960களிலேயே எட்மன்டனில் தொடங்கியது, கிளாடு தீர்ப்புக்கு முப்பது வருடம் முந்தியது. ரொறன்ரோவில் பழைய நகர மண்டபத்தில் கிளாடு நீதிமன்றம் திறந்ததே 2001இல்தான். இரண்டையும் ஒன்றாகக் குழைக்காதீர்கள்.

மேப்பிள்மாறன்:
கூடக் குற்றம் செய்தால் கூட ஆள் உள்ளே இருக்கும்.

வாசுகி_மிசிசாகா:
இதே வசனத்தைத்தான் 90களில் எங்கள் பெடியளைப் பற்றி இங்குள்ள பத்திரிகைகள் எழுதின. அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?

மேப்பிள்மாறன்:
எனக்கு அப்போது நாலு வயது, அக்கா.

கொக்குவிலான்:
சன் சீயைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை. கவனித்தீர்களா?

நெடுந்தீவான்:
வாசுகி, உங்கள் எண்கள் சரி. ஆனால் நடுவில் எண்களைப் போட்டால் இவர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவார். கேள்வி ஒன்றே ஒன்று.

வாசுகி_மிசிசாகா:
உங்களுக்கு ஒரு கேள்விதான். கோட்டில் நிற்பவனுக்கு இரவு எங்கே படுப்பது என்பது கேள்வி.

நிர்வாகம்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். பார்க்கிங் டிக்கெட் பற்றிய பதிவொன்று நீக்கப்பட்டது.

கொக்குவிலான்:
டிக்கெட்டைப் பற்றிய என்னுடைய இரண்டாவது பதிவு எங்கே? டிக்கெட் இலக்கத்தோடு போட்டிருந்தேன். அவர் ஒரே கேள்வியை மேலிருந்து கீழ்வரை போட்டுக்கொண்டிருக்கிறார், அதெல்லாம் நிற்கிறது. நிர்வாகத்தில் நெடுந்தீவுக்காரர் யாராவது இருக்கிறார்களா?

நெடுந்தீவான்:
இலக்கம் வேறு போட்டாரா? நிர்வாகம் அதைத் திரும்பப் போடட்டும், எனக்குப் பயமில்லை. தீர்ப்பின் கடைசிப் பந்திகளை நாளைக்குத் தமிழில் தட்டிப் போடுகிறேன். மாறன் அதுவரை ஓடாமல் நிற்கட்டும்.

மேப்பிள்மாறன்:
போடுங்கள். இப்பீலியின் கடைசிப் பந்தியை நான் போடுகிறேன். அண்ணை, அந்த டிக்கெட் எத்தனை டொலர்?