கப்பல் மென்பொருள் வேலையும் பழைய நம்பர், புது நம்பரும்

இங்கிலாந்து வந்து இரண்டு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: "ஓ.எம்.ஆரில் ஆறு வருஷம் சி++ எழுதினேன். போர்க்கப்பல் மென்பொருள் கம்பெனிகள் ஆள் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒரு போன்கூட வரவில்லை?" லீவில் ராயபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். நேரம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

குறை உங்கள் சி++-இல் இல்லை, செக்யூரிட்டி கிளியரன்ஸில், அதாவது ரகசிய வேலைக்கு முன் நம் பின்னணியைச் சோதித்துத் தரும் அனுமதியில். பிரிட்டனில் எஸ்.சி. (செக்யூரிட்டி செக்) என்ற நிலைக்கே பொதுவாக 5 வருஷம் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும்; பல வேலைகளுக்குக் குடியுரிமையும் கேட்பார்கள். நாமாக விண்ணப்பிக்க முடியாது, வேலை தரும் கம்பெனிதான் அனுப்ப வேண்டும். "பணம் கட்டு, வாங்கித் தருகிறேன்" என்று எவனாவது சொன்னால் அவன் திருடன். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் குடிமக்களுக்குத்தான் கிளியரன்ஸ்.

அதுவரை சும்மா இருக்க வேண்டாம். வணிகக் கப்பல் பக்கம் வாருங்கள். மின்னணு வரைபடம், துறைமுகப் போக்குவரத்துக் கண்காணிப்பு, ஏ.ஐ.எஸ். எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல் எல்லாம் ஏ.ஐ.எஸ். வழியாகத் தான் யார், எங்கே என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். மெரினாவில் நின்று தூரத்தில் தெரியும் கப்பலின் பெயரை போனில் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

நான் தொடங்கியது என்.எம்.இ.ஏ. 0183-இல். கப்பல் கருவிகள் பேசிக்கொள்ளும் பழைய மொழி. ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரு ஜி.பி.எஸ். மாட்யூல் போதும். அது அனுப்பும் ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கி, கமா கமாவாக நேரமும் இடமும் வந்து, நட்சத்திரக் குறிக்குப் பிறகு இரண்டு எழுத்தில் செக்சம், அதாவது வரி பிழையில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண். ஒரு வரி 82 எழுத்தைத் தாண்டாது. பாதி வரியில் அறுந்து வந்தால் என்ன செய்வது, செக்சம் தப்பினால் பழைய இடத்தைக் காட்டுவதா, 'தெரியவில்லை' என்று காட்டுவதா? இதற்கு யோசித்துப் பதில் சொல்பவரை இந்தத் துறையில் மதிப்பார்கள். வாரம் ஒரு ரிலீஸ் விட்டுப் பழகியவர்களுக்கு முதலில் மூச்சு முட்டும். ஒரு கப்பல் முப்பது வருஷம் ஓடும். நீங்கள் எழுதியதும் கூடவே ஓடும். நான் திருத்திய முதல் பைல் ஏடா என்ற புரோகிராமிங் மொழியில் இருந்தது, எழுதியவர் ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

இப்போது காகிதம். எனக்கு நிஜமான தலைவலி இதுதான். கிளியரன்ஸ் படிவத்தில் அப்பா அம்மாவின் பெயர், பிறந்த தேதி, பிறந்த ஊர், முகவரி எல்லாம் கேட்டார்கள். அம்மாவுக்கு ஆதாரில் ஒரு தேதி, பள்ளிச் சான்றிதழில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்ட இன்னொரு தேதி. வீடு ஒரு காகிதத்தில் 14, இன்னொன்றில் 31. பழைய நம்பர், புது நம்பர் என்றால் சென்னையில் தபால்காரருக்குப் புரியும், அங்கே யாருக்குப் புரியும்? போதாததற்கு பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டது. டிகிரியில் வெறும் இனிஷியல். ஒன்றையும் மறைக்காமல், இப்படி இப்படி என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். சிக்கல் தீர்ந்தது. கடனும் அப்படியே: கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் சொல்லிவிடுங்கள், பொய்தான் ஆளைக் கவிழ்க்கும்.

குடியுரிமை வாங்கினால் இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டைதான் மிஞ்சும். வேலைக்காக மட்டும் அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள்.

பின்குறிப்பு: "வீட்டிலிருந்து வேலை உண்டா?" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். ரகசிய வேலை என்றால் கிடையாது. போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் வாசலில் லாக்கருக்குள். அம்மா போன் செய்தால் மதியம் வெளியே வந்துதான் பார்ப்பேன். ஊருக்கு வருவதைக்கூட முன்பே சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். நேற்று எதிர்வீட்டு மாமா என்ன வேலை என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். "கப்பல் கம்ப்யூட்டர்" என்றேன். "வாயே திறக்க மாட்டேங்கிறான், சரியான எம்டன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.