டைமிங் என்பதற்குத் தமிழ்ச்சொல்: எடுப்பா, செவ்வியா, நேரமா?

முதல் மடல் (கோவையிலிருந்து)

அன்புள்ள குழுவினருக்கு,

தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான வாகனப் பழுதுநீக்கக் கையேட்டின் ஆறாம் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எஞ்சினில் தீப்பொறி விழுவதும் வால்வு திறப்பதும் எப்போது என்பதைக் குறிக்கும் டைமிங் என்ற ஒரே ஒரு சொல்லுக்குத் தமிழ் அமையாமல் அது என் மேசையிலேயே கிடக்கிறது.

சென்ற மாதம் என் தந்தையாரின் பழைய அம்பாசடர் (1489 சி.சி. பெட்ரோல்) மேட்டில் இழுவையின்றித் திணறியது, ரேடியேட்டர் கொதித்தது, சைலன்சரில் வெடித்தது. சிலிண்டர்களுக்கு முறைப்படி தீப்பொறி மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் பிடிமான போல்ட் தளர்ந்து, கையால் தொட்டாலே அது சுழன்றது. அதனுள் திறக்கும் கணத்தில் தீப்பொறியை எழுப்பும் பாயின்ட்டின் இடைவெளியை 0.4 மி.மீ. ஆக்கினேன். முதல் சிலிண்டர் அமுக்க வீச்சில் (பிஸ்டன் மேலேறிக் கலவையை நெருக்கும் கட்டத்தில்) இருக்கும்படி, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் புல்லியைக் கையால் திருப்பி, குறியோடு குறியைப் பொருத்தினேன். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் கம்பி முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே ஒரு 12 வோல்ட் பல்பை இணைத்து, சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். பாயின்ட் திறந்த கணத்தில் பல்பு எரிந்தது. அந்த இடத்திலேயே போல்ட்டை இறுக்கினேன். மறுநாள் அதே மேட்டில் வண்டி தயங்காமல் ஏறியது. நான் சரிசெய்தது எதை என்று தமிழில் எழுதும்போதுதான் நின்றுவிட்டேன்.

நேரம் என்று எழுத மனம் ஒப்பவில்லை. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் எஞ்சினில் கிராங்க் தண்டு நொடிக்கு 50 முறை சுழல்கிறது. அங்கே 10 பாகை என்பது நொடியில் 1800இல் ஒரு பங்கு. வேகம் பாதியானால் அதே 10 பாகைக்கு இரு மடங்கு நேரம் ஆகும். நாம் அளப்பது நேரத்தை அன்று, சுற்றில் ஓர் இடத்தை. தாளச் சுற்றில் பாட்டு தொடங்கும் இடத்தை நம் இசைமரபு எடுப்பு என்கிறது. தாளத்தோடு சேர்ந்து தொடங்கினால் சமம், முன்பே தொடங்கினால் அதீதம், பின்பு தொடங்கினால் அனாகதம். பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சில பாகை முன்பு தீப்பொறி விழுவதும் இதே அமைப்புத்தான். பொறியெடுப்பு (தீப்பொறி டைமிங்), வால்வெடுப்பு (வால்வு டைமிங்), எடுப்புப் பட்டை (டைமிங் பெல்ட்) என்று ஒரே சொல் மூன்றிடத்திலும் நிற்கும். முன்னெடுப்பு, பின்னெடுப்பு என்றும் விரிக்கலாம். உங்கள் கருத்தை வேண்டுகிறேன்.

மறுமடல் (மதுரையிலிருந்து)

ஐயா, உங்கள் உவமை அழகியது. ஆனால் சொல் நிற்காது. முன்னெடுப்பு என்ற சொல்லை நாளேடுகள் முன்முயற்சி என்ற பொருளில் நாள்தோறும் ஆண்டு வருகின்றன. உங்கள் மாணவன் அதை அப்படித்தான் படிப்பான். அவன் கச்சேரி கேட்டு வளர்ந்தவன் என்று நாம் எண்ணிக்கொள்வதும் முறையன்று.

வினை செய்வதற்கு வாய்த்த சரியான தருணத்துக்கு வள்ளுவர் காலத்திலேயே செவ்வி என்ற சொல் உண்டு. சினம் காத்துக் கற்று அடங்கியவனை அடையும் செவ்வியை அறம் பார்த்திருக்கும் என்கிறது 130ஆம் குறள். காலமறிதல் அதிகாரத்தில், உரிய பருவம் வரும்வரை கூம்பியிருந்து, வாய்த்ததும் குத்தும் கொக்கு (490) உங்கள் டிஸ்ட்ரிபியூட்டரின் வேலையைத்தான் செய்கிறது. செம்மை, செவ்வை, செவ்வி என்னும் மூன்றும் ஓரடியில் பிறந்தவை என்பதால், செவ்வி பிழைத்தது என்றால் டைமிங் தவறியது என்பதோடு நேர்மை கெட்டது என்ற சாயலும் சேர்ந்து வரும். பொறியெடுப்பு என்ற தொடரிலும் எனக்குத் தயக்கம் உண்டு. எஞ்சினையும் பொறி என்கிறோம், தீத்துளியையும் பொறி என்கிறோம், மெய், வாய், கண் முதலிய ஐந்து உறுப்புகளுக்கும் அதுவே பெயர், எலி பிடிப்பதற்கும் அதுவே பெயர். தீப்பொறிச் செவ்வி என்று முழுமையாக எழுதுங்கள்.

மறுமடல் (யாழ்ப்பாணத்திலிருந்து)

மதிப்பிற்குரிய ஐயாமாருக்கு வணக்கம். எங்கள் நாளேடுகளில் செவ்வி என்றால் நேர்காணல். தீப்பொறிச் செவ்வி என்ற தலைப்பைப் பார்த்தால், யாரோ அரசியல்வாதி காரசாரமாகக் கொடுத்த பேட்டி என்றே இங்குள்ளவர்கள் எண்ணுவார்கள். எரியூட்டு நேரம் என்று முன்பொரு முறை இக்குழுவில் வந்த பரிந்துரையையும் நினைவில் வைத்து எதிர்க்கிறேன். அது சுடலையை நினைவூட்டும் சொல்.

வாகனத் திருத்தகத்தில் எல்லோரும் டைமிங் என்றே சொல்கிறார்கள். மாணவன் நாளை நிற்கப்போவது அங்கேதான். முந்தல், பிந்தல் என்னும் இரண்டு சொற்களைத் தந்துவிட்டால், எது கெட்டது என்பதை அவன் புரிந்துகொள்வான். பொறி அளவுக்கு மீறி முந்தினால் எஞ்சின் தட்டும், கையால் கிராங்க் கைப்பிடியைச் சுழற்றினால் திருப்பி அடிக்கும். பிந்தினால் இழுவை போய்ச் சூடேறும். பெயர்ச்சொல்லைவிட இந்த வினைச்சொற்கள்தாம் பழுதைக் கண்டுபிடிக்க உதவும்.

மறுமடல் (கோவையிலிருந்து)

அனைவருக்கும் நன்றி. முந்தல், பிந்தல் இரண்டையும் ஒருவர்கூட மறுக்கவில்லை. அவை இயல் முழுவதும் வருகின்றன. தலைச்சொல்லுக்கு, தனிமடல்களையும் சேர்த்துப் பார்த்தால், தீப்பொறி நேரம் என்பதற்கே மிகுதியானோர் இசைந்திருக்கிறார்கள். கெடு நெருங்கிவிட்டதால் அதையே இட்டு, முதல் முறை வரும் இடத்தில் டைமிங் என்று உடன் எழுதுகிறேன்.

ஆயினும் என் மறுப்பு பதிவாகட்டும். அடுத்த இயலில் டைமிங் பெல்ட் வருகிறது. அங்கே பொறியே இல்லை. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றுவதற்குள், வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு ஒரு சுற்று முடிக்க வேண்டும் என்ற ஒழுங்கு மட்டுமே உண்டு. பட்டையில் ஒரு பல் தாவினால் எல்லா வால்வுகளும் இடம் மாறித் திறக்கும். அதற்கு நேரப் பட்டை என்று எழுதினால், சுவர்க் கடிகாரத்துக்குப் பட்டை போட்டதுபோல் இருக்கிறது. மதுரை ஐயா செவ்விப் பட்டை என்பார் என்று தெரியும். திங்கட்கிழமைக்குள் வேறு சொல் வராவிட்டால், அந்த ஓர் இயலில் மட்டும் எடுப்புப் பட்டை என்று எழுத அனுமதி தாருங்கள்.