ஸ்ப்ராங் பின்னலில் நிறம் வைத்த அனுபவங்கள்

ஹட்டனிலிருந்து:

ஸ்வெட்டர் பின்னத் தெரிந்த பெண்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஸ்ப்ராங், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய நூல்களை ஒன்றோடொன்று பிணைத்துப் போடும் பின்னல், போடுகிறவர்களைக் காண்பதுதான் அரிது. அதிலும் பலர் ஒரே நிறத்தோடு நின்றுவிடுகிறார்கள். அது எனக்குப் பெரிய வருத்தம், ஆகவே இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஸ்ப்ராங்கில் குறுக்கே ஓடும் ஊடை நூல் கிடையாது. சட்டத்தின் மேலும் கீழும் கட்டிய கயிறுகளுக்கிடையே எட்டு வடிவில் பாவு நூலை, அதாவது நெடுக்கு நூலை ஓட்டி, முன்னடுக்கு நூலைப் பின்னால் விட்டு, பின்னடுக்கு நூலை முன்னால் எடுத்துக்கொண்டே போக வேண்டும். இரு முனைகளும் கட்டப்பட்டிருப்பதால் மேலே போட்ட வரிசை கீழேயும் தானாக விழும். இரு பாதிகளும் நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒரு நூலை ஓட்டிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் அத்தனையும் பிரிந்துவிடும். வரிசைகளுக்கிடையே செருக நான் தேயிலை மிளாறைத்தான் தோல் சீவித் தேய்த்து வைத்திருக்கிறேன். செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலத்தில் வேண்டியமட்டும் கிடைக்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் வளையாது.

இனி நிறம். பாவு ஓட்டும்போதே அது பெரும்பாலும் முடிவாகிவிடும். பக்கத்து நூலோடு கொக்கி போட்டுத் திரும்பும் சாதாரண முறையில், ஒரு நூல் ஒரு வரிசையில் வலப்பக்கத்து நூலையும் அடுத்த வரிசையில் இடப்பக்கத்து நூலையும் பிடிக்கும். தன் தடத்தை விட்டுப் போகாது. ஆகவே சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி ஓட்டினால் நேர்க்கோடுகள்தாம் வரும். இரண்டு நிறங்களும் தொடும் எல்லை மட்டும் சிறு பற்களாகத் தெரியும். அழகுதான், ஆனால் நான் எதிர்பார்த்தது வேறு.

கொக்கி போடாமல், சடை பின்னுவதுபோல் நூல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே கொண்டுபோனபோதுதான் என் கண் திறந்தது. ஒவ்வொரு நூலும் சாய்வாக நடந்து ஓரத்தைத் தொட்டுத் திரும்புகிறது. இடப்பாதி சிவப்பு, வலப்பாதி வெள்ளை என்று ஓட்டிப் பாருங்கள். முதலில் நடுவில் மட்டும் நிறங்கள் கலந்து ஒரு முக்கோணம் பிறக்கும். வரிசை ஏற ஏற அது விரிந்து அகலம் முழுவதையும் பிடிக்கும். அதன்பின் நிறங்கள் பிரியத் தொடங்கி, நூல்களின் எண்ணிக்கையளவு வரிசைகள் போட்டு முடிக்கும்போது சிவப்பு முழுவதும் வலப்பக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். மறுமுனையிலும் இதே வேலை எதிரொலியாக நடந்துகொண்டிருக்கும். பாதிக்குத் திட்டமிட்டால் போதும், முழுத் துணியும் சமச்சீராக வந்துவிடும் என்பதை நேரில் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சியை வேறு எந்தப் பின்னலிலும் நான் அறிந்ததில்லை.

துளைக் கோலம் போட விரும்புகிறவர்கள் நிறத்தைக் குறைத்துக்கொள்வது நல்லது. டென்மார்க்கின் போரும் எஷோய் என்ற புதைமேட்டில் 1871 இல் கிடைத்த வெண்கலக் காலப் பெண்ணின் கூந்தல் வலை ஸ்ப்ராங்தான்; அதில் கண்ணை இழுப்பது நூலும் இடைவெளியும் மட்டுமே. எகிப்தின் கொப்டிக் காலத் (பண்டைக் கிறிஸ்தவர் காலத்) தொப்பிகளில் வண்ணக் கம்பளியே கோலத்தைத் தாங்குகிறது. இரண்டையும் ஒரே துணியில் திணித்தால் எதுவும் தெளிவாகத் தெரியாது.

பண்டாரவளையிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் சித்தியின் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவர் குவைத்தில் வீட்டு வேலை செய்த காலத்தில், உடன் வேலை பார்த்த பாகிஸ்தான் பெண்மணி ஒரு சல்வார் நாடாவைப் பரிசாகக் கொடுத்திருந்தார். பஞ்சாப், சிந்துப் பக்கங்களில் இந்த நாடாவைச் சட்டத்தில்தான் போடுவார்களாம். பச்சை, ஊதா, மஞ்சள் கோடுகள், இரு முனைகளிலும் குஞ்சம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். சரியாக நடுவில் ஒரு பூட்டு நூல்! அதிலிருந்து மேலே போகும் கோலமும் கீழே வரும் கோலமும் அச்சாக ஒன்று. இத்தனை வருடமாக அதை வெறும் நாடா என்றே எண்ணியிருந்தோம். சித்தி இப்போது அதைப் பெட்டியில் வைக்க மறுக்கிறார்.

கடைக் கம்பளி விலை கட்டவில்லை, பழைய ஸ்வெட்டரைப் பிரித்துப் போடலாமா அக்கா?

ஹட்டனிலிருந்து:

தாராளமாகப் போடலாம் தங்கச்சி. பிரித்த கம்பளியை வளையமான நூற்கழியாகச் சுற்றி நனைத்து, கீழே சிறிய கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவையுங்கள், சுருள் போய்விடும். மயிர் எழும்பும் கம்பளி வேண்டாம். அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுக்கும். முதல் துண்டுக்கு நன்றாக வேறுபடும் இரண்டு நிறங்களையே எடுங்கள். எந்த நூல் முன்னால், எந்த நூல் பின்னால் என்று கண்ணுக்கு உடனே தெரியும். வரிசை ஏறும்போது பாவு இறுகிக்கொண்டே வரும். சட்டத்துக் கயிற்றை அப்போதைக்கப்போது தளர்த்திக் கொடுக்க மறக்க வேண்டாம். சித்தியின் நாடாவில் ஓர் அங்குலத்தில் எத்தனை நூல் இருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அதே அடர்த்தியில் நானும் ஒன்று போட்டுப் பார்க்கிறேன்.