கேதார்நாத் பாதையில் கச்சர் சவாரி: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

போன வருஷம் அம்மாவோடு கேதார்நாத் போனேன். கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டர் ஏற்றம். அம்மாவுக்கு முழங்கால் வலி, எனக்குச் சோம்பல். ஆளுக்கொரு கோவேறு கழுதை பேசினோம். அங்கே கச்சர் என்றால்தான் புரியும்.

அம்மா மாடு கட்டிய வீட்டில் பிறந்தவர். ஏறும் முன் சேணத்துக்கு அடியில் கிடந்த கம்பளியைத் தூக்கிப் பார்த்தார். ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குப் புண், சுற்றிலும் முடி உதிர்ந்திருந்தது. "இது வேண்டாம்ப்பா" என்று தமிழிலேயே சொல்லி நகர்ந்துவிட்டார். குதிரைக்காரருக்குப் புரிந்தது. வேறொன்று வந்தது.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. மலைப்பக்கம் இடம் கிடக்க, என் கச்சர் பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே நடக்கிறது. என் ஒரு கால் கீழே ஓடும் மந்தாகினி ஆற்றுக்கு மேலே அந்தரத்தில். பயத்தில் மலைப்பக்கம் சாய்ந்தேன், சேணமும் என்னோடு சாய்ந்தது! "சீதே பைட்டோ!" (நேராக உட்காருங்கள்) என்று கத்திக்கொண்டே ஓடிவந்தார் குதிரைக்காரர்.

நிறுத்தி, சேணத்தைப் பிடித்திருக்கும் வயிற்றுப் பட்டையை இழுத்துக் கட்டினார். பட்டை கட்டும்போது சில விலங்குகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நடக்க நடக்கப் பட்டை தளர்ந்துவிடும். பத்து நிமிஷம் கழித்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். ஓரமாக நடப்பதற்கும் காரணம் சொன்னார்: இரண்டு பக்கமும் மூட்டை சுமந்து பழகிய ஜீவன், மலைச்சுவரில் மூட்டை இடித்தால் தடுமாறும். அதனால் வெளி ஓரமே அதற்கு வசதி. சரி, அதற்குத் தெரிந்த பாதை என்று விட்டுவிட்டேன். ஏற்றத்தில் முன்னால் சாய்வது, இறக்கத்தில் பின்னால் சாய்வது, அங்கவடியில் (சேணத்தில் தொங்கும் கால் வளையம்) முன்பாதத்தை மட்டும் வைப்பது, இவ்வளவுதான் என் வேலை. காலை முழுதாக நுழைத்திருந்து விழுந்தால் மாட்டிக்கொண்டு இழுபட வேண்டியதுதான்.

நடைராஜா: நான் நடந்து போகிற கட்சி. யமுனோத்ரி பாதையில் பள்ளத்துப் பக்கம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த கச்சரின் மூட்டை முதுகில் இடித்தது. கம்பி இல்லாவிட்டால் இதை எழுத ஆள் இல்லை. மணிச்சத்தம் கேட்டால் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பின்னால் போய் மட்டும் நிற்காதீர்கள், உதைக்கும்.

அரிசோனா அண்ணாச்சி: அமெரிக்காவில் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கிலும் அதே கதை, அங்கும் கச்சர் ஓரமாகத்தான் போகும். அடிவாரத்துக்கு இறங்கும் சவாரிக்கு எடை போட்டுப் பார்க்கிறார்கள், உடுப்போடு சேர்த்து 200 பவுண்டு, ஏறக்குறைய 90 கிலோதான் வரம்பு. நான் இரண்டு மாசம் சோற்றைக் குறைத்துத்தான் ஏறினேன். முன்னால் போகிற கச்சரோடு இடைவெளி விடாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நம் கச்சர் பின்தங்கினால் முன்னால் போவதைப் பிடிப்பதற்காக ஓட ஆரம்பிக்குமாம்.

ஏரிக்கரை: கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரைச் சவாரி. தூறல் விழுந்தது, மேலே உட்கார்ந்தபடியே மழைக்கோட்டைப் படபடவென்று உதறினேன். குதிரை ஒரே பாய்ச்சல். இடுப்பு ஒரு வாரம் வலித்தது. மழைக்கோட்டை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

(முதல் பதிவு எழுதியவர்): உண்மை. ஆனால் கச்சர் மிரண்டால் பெரும்பாலும் ஓடாது, நின்றுவிடும். கேதார்நாத் பாதையில் லிஞ்சோலி என்ற இடத்துப் பக்கம் ஒரு டீக்கடைத் தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கச்சர் காதை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றதுதான், குதிரைக்காரர் இழுத்தும் அசையவில்லை. கடைக்காரர் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டும்வரை அம்மா மேலே உட்கார்ந்தபடி முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.