செரி இறாலுக்கு எந்தத் தண்ணீர் விடலாம்?

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறேன். மீன் தொட்டியில் செரி இறால் (அழகுக்கு வளர்க்கும் சின்னச் சிவப்பு நன்னீர் இறால்) வளர்க்க ஆசை, தண்ணீர்தான் யோசனை.

எங்கள் கிணறு சுண்ணாம்புக்கல்லில் வெட்டினது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும், நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழன்று வரும். சுற்றிவரத் தோட்டக்காணி என்பதால் பசளையின் நைத்திரேற்றுக்கும் பயம். கோது கட்ட இறாலுக்குக் கல்சியம் வேண்டும்தான், ஆனால் இவ்வளவு கடினத்தை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கல்சியம், மக்னீசியத்தை, தாங்குமா?

குழாய்த் தண்ணீரில் குளோரின். வாளியில் ஒரு நாள் காற்றுக்கல் போட்டு வைத்தால் அது பறந்துவிடும். குளோரமைன் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்தது) என்றால் அப்படிப் போகாது, சோடியம் தயோசல்பேற்று போல ஏதாவது விட வேண்டும்.

ஆர்.ஓ. தண்ணீரில் (நுண்சவ்வு வடிகட்டியால் சுத்திகரித்த தண்ணீர்) தாதுக்கள் மிகக் குறைவு, அதை மட்டும் விட்டால் இறால் ஒழுங்காகக் கோது கழற்றாது. அதனால் கிணற்றுத் தண்ணீரோடு கலந்து மொத்தக் கடினத்தை 6 முதல் 8 பாகைக்குள் (dGH, கடினத்தை அளக்கும் அலகு) கொண்டுவர நினைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் இறால் வளர்ப்பவர்கள் என்ன அளவில் கலக்கிறீர்கள்? கடினம் பார்க்கும் சொட்டு மருந்து டவுனில் எங்கே வாங்கலாம்? அப்புறம், மாரியில் ஓட்டுக் கூரையில் பிடிக்கும் மழைத்தண்ணீரை யாராவது பாவித்துப் பார்த்தீர்களா? தண்ணீர் சரிவந்த பிறகுதான் இறால் வாங்குவேன்.