கரிசல் மண்ணில் ஒன்றரை அடி மேடை, ஓரச்சுவர் 4½ அங்குலமா 9 அங்குலமா?

கோவில்பட்டி பக்கம் வீடு, கரிசல் மண். வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்துக்குக் கொஞ்சம் தள்ளி, சாயங்காலம் உட்கார 12 அடிக்கு 10 அடியில் ஒரு மேடை போடுகிறேன், ஒன்றரை அடி உயரம்தான், சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி உள்ளே கிராவல் கொட்டித் திமிசு அடித்து மேலே கடப்பா கல் பதிக்க யோசனை. கொத்தனார் நாலரை அங்குலச் சுவரே போதும், அஸ்திவாரம் அரை அடி தோண்டினால் சரி என்கிறார். எனக்குத்தான் பயம். கரிசல் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். முன்பு கட்டிய துளசி மாடம் ஒரே வருடத்தில் சாய்ந்துவிட்டது (அதுவும் இதே கொத்தனார்தான், அதை விடுங்கள்).

இந்த உயரத்துக்கு 9 அங்குலம் கட்டியே ஆக வேண்டுமா? கரிசலை எவ்வளவு ஆழத்துக்கு எடுத்துவிட்டு கிராவல் நிரப்புவது? உள்ளே இறங்கும் தண்ணீர் வெளியேற நாலடிக்கு ஒரு பிவிசி குழாய்த் துண்டு வைத்து, பின்னால் ஜல்லி போடலாம் என்று இருக்கிறேன், ஆனால் அதன் வழியாக மண் கரைந்து வராமல் இருக்க என்ன வைக்கிறீர்கள்? அப்புறம் சிமெண்ட்-மணல் கலவை 1:6 என்கிறார், 1:5 கேட்கட்டுமா?

ஐப்பசி மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். கரிசலில் கட்டிப் பார்த்தவர்கள் முடிந்தால் படத்தோடு சொல்லுங்கள்.