எதிர்க்குறி வெப்ப விரிவு: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

> சூடேறும்போது பொருள் சுருங்குவதை "வெப்பச் சுருக்கம்" என்றே சொல்லிவிடலாமே? படிக்க எளிது.

ஐயா, தண்டவாளம் குளிரில் சுருங்குவதைத்தான் அந்தச் சொல் முதலில் நினைவூட்டும். நாம் சொல்ல வருவது அதற்கு நேர்மாறு. "குறை வெப்ப விரிவு" என்றால் இன்வார் கலவைபோல மிகக் கொஞ்சமாக விரிவது என்று ஆகிவிடும். விரிவெண்ணின் (ஒரு கெல்வின் சூடேறும்போது நீளம் மாறும் விகிதத்தின்) குறி மாறுகிறது என்பதே செய்தி. அதனால் negative thermal expansion என்பதற்கு "எதிர்க்குறி வெப்ப விரிவு" என முன்மொழிகிறேன்.

> கட்டுரை துத்தநாகக் குரோமியம் செலினைடு என்ற குறைகடத்தியைப் பற்றியது. அதில் காரணம் காந்தம். "காந்தச் சுருக்கம்" என்றால் காரணமும் சேர்ந்து வந்துவிடும்.

காரணத்தைச் சொல்லுக்குள் அடைக்க வேண்டாம். சிலிக்கனில் காந்த ஒழுங்கே கிடையாது. ஆனாலும் சுமார் 18 முதல் 120 கெல்வின் வரை அது சூடேறச் சூடேறச் சுருங்குகிறது. அணிக்கோவையின் (அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய அமைப்பின்) குறுக்கதிர்வுகள் செய்யும் வேலை அது.

செலினைடில் கதை வேறு. அடுத்தடுத்த குரோமியம் அயனிகள் செலினியம் வழியாக ஏறக்குறைய 90 பாகைக் கோணத்தில் இணைகின்றன. அந்த இணைப்பு அவற்றின் காந்தத் திருப்புத்திறன்களை (ஒவ்வோர் அயனியும் சிறு காந்தமாகச் செயல்படும் திறனை) ஒரே திசையில் நிறுத்தப் பார்க்கிறது. தொலைவில் உள்ள அயனிகளுக்கு இடையிலான இணைப்போ எதிர்த்திசைக்கு இழுக்கிறது. இந்த இழுபறியில் எதிர் ஃபெர்ரோகாந்த ஒழுங்கு (சிறு காந்தங்கள் ஒன்றையொன்று ஈடுசெய்யும்படி அமைவது) 21 கெல்வின் வரை தள்ளிப்போகிறது. 75 கெல்வினிலிருந்து அதுவரை குளிர்விக்கும்போது படிகம் சுருங்குவதற்குப் பதில் நீள்கிறது. 6.5 டெஸ்லா காந்தப்புலம் அந்த ஒழுங்கையே முழுதாக அடக்கிவிடும்.

காந்தப்புலம் செலுத்தியதும் நீளம் மாறுவது (magnetostriction) தனி விளைவு. அதற்கும் "சுருக்கம்" பொருந்தாது: நிக்கல் சுருங்கும், டெர்ஃபினால்-டி என்ற உலோகக் கலவை நீளும். தகைவு–திரிபு என்று பாடநூலில் படித்த மாணவருக்குத் திரிபு இரண்டு குறியையும் ஏற்கும் என்பது தெரியும். எனவே "காந்தத் திரிபு" போதும்.

> அளவீட்டுப் பகுதியில் வேறு சொல் தேவைப்படுமா?

மிகவும் தேவை. நீள மாற்றத்தை மின்தேக்குத்திறன் மாற்றமாக அளக்கும் மின்தேக்கி விரிவுமானியில், மாதிரியை வைக்கும் கலம் பெரும்பாலும் செம்பு. கருவி காட்டுவது மாதிரிக்கும் செம்புக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. 50 கெல்வினில் செம்பின் விரிவெண் கெல்வினுக்குச் சுமார் 3.8×10⁻⁶. மாதிரி அதைவிடக் குறைவாக விரிந்தாலே வரைபடம் கீழே இறங்கி, எதிர்க்குறி இருப்பதாகக் காட்டும். இது பொய்க்குறி! அதே கலத்தில் செம்புத் துண்டை வைத்து அளந்து, கலத்தின் பங்கைத் திருத்தியாக வேண்டும். திருத்தும் முன் "ஒப்பு நீள மாற்றம்", திருத்திய பின் "தனி நீள மாற்றம்" எனப் பிரித்து எழுதலாம்.

அளவும் சிறிது: 2 மில்லிமீட்டர் மாதிரியில் விரிவெண் 10⁻⁶ என்றால் கெல்வினுக்கு 2 நானோமீட்டர்தான். 21 கெல்வின் மாற்றம் முதல் வகையைச் சேர்ந்தது (படிப்படியாக அல்ல, சட்டெனத் தாவுவது) என்பதால் அங்கே வெப்பநிலையை மிக மெதுவாக ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் கூர்மையான படி சரிவாகத் தேய்ந்துவிடும். அதன்கீழ் படிகம் கனசதுர வடிவிலிருந்து நாற்கோண வடிவுக்கு மாறி மூன்று திசைக் களங்களாக (வெவ்வேறு திசை நோக்கிய பகுதிகளாக) பிரியும். அங்கே ஒரே நீள மதிப்பைத் தருவோர், எந்தப் புலத்தில் குளிர்வித்தார்கள் என்பதையும் எழுத வேண்டும்.